அடுப்பு எரியாத நாள்

பட்டினியிலும் நல்லது உண்டென்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். ஆனால் யுத்தம் முடிந்த ரேஷன் அரிசிக் காலத்தில், ராயபுரத்தில் எங்கள் வீட்டு வரிசையிலிருந்த வரலட்சுமிக்கு அப்படித்தான் பட்டது. புருஷனுக்குக் கூலி வேலை கிடைக்காமல் அடுப்பு எரியாத நாளில் மட்டும் அவள் கைக்குழந்தை அம்முவுக்கு மூச்சிழுப்பு வருவதில்லை. ஏன் என்று மண்டையைக் குடைந்துகொண்டாள்.

ஜன்னலில்லாத ஒற்றை அறை. துறைமுகத்தில் பொறுக்கிய கரித்தூளைச் சாணியில் பிசைந்த உருண்டைகள்தான் விறகு. எல்லா வீட்டிலும் போல அங்கேயும் தூளியை உத்தரத்தை ஒட்டி உயரக் கட்டியிருந்தார்கள். தரையில் போட்டால் பக்கத்து அரிசிக் கிடங்கு எலிகள் குழந்தையின் விரலைக் கடித்துவிடும்.

பக்கத்து அறை சாபிரா ஒரு காரணம் சொன்னாள். "வேலை இல்லாத அன்னிக்கி அப்பன் வூட்ல கீறான்ல, அந்தக் குஷிதான். எம்புள்ளையுந்தான் இழுத்துகினு கீது. அதோட அப்பன் கப்பல்ல பூட்டானே, இன்னா செய்றது?"

கேட்க அழகாகத்தான் இருந்தது. வரலட்சுமி சும்மா நம்புகிற ஆளில்லை. புருஷன் ஜெயவேலுக்கு மறுபடி வேலை இல்லாத நாளில், சாபிராவிடமே அரிசி வாங்கி உலை வைத்தாள். அவன் கீழே உட்கார்ந்து தூளிக் கயிற்றை ஆட்டினான். கொஞ்ச நேரத்தில் அம்முவின் நெஞ்சு கீச்சிட்டது.

"நீ இருந்தும் இழுக்குதே," என்றாள்.

வழக்கமாக அடுப்பு மூட்டுமுன் குழந்தையைக் கிடத்துவாள், அணைந்த பிறகே எடுப்பாள். அன்று எரியும்போதே மரப்பெட்டிமேல் ஏறினாள். தலை தூளிக்குச் சமமாக வந்ததுமே கண் எரிந்தது, மூச்சு முட்டியது. குந்தி உட்கார்ந்து சமைப்பவளுக்குத் தெரியாமல் புகை முழுக்க அங்கேதான் தேங்கியிருந்தது.

குழந்தையை வாரிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். பத்திரம் என்று அவளே பார்த்துக் கட்டிய இடம் அது. அழுகையை அடக்க முடியவில்லை.

அழுது முடித்துத் தூளியைத் தாழ இறக்கினாள். ஜெயவேல் விளக்குமாற்றோடு பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எலி கடிச்சிடும்மே," என்றாள் எட்டிப் பார்த்த சாபிரா.

"எலி வந்தா கண்ணுக்குத் தெரியும்க்கா, வெரட்டிக்கலாம். நீயும் ஒருதபா பெட்டிமேல ஏறிப் பாரேன்."

சாபிரா சிரித்துக்கொண்டே போனாள். அவள் அடுப்பும் எரிந்துகொண்டுதான் இருந்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு சாபிரா இருமினாள், விடாமல்.

"வரலட்சுமி," என்று கூப்பிட்டாள். "தூளி முடிச்சு இறுகிக்கீது. சீக்கிரம் வந்து அவுத்து வுடுமே."