மாமி வீட்டு ஹாலுக்கு வெளிச்சம்

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஜெயலக்ஷ்மி மாமியின் பழைய வீடு. ஹாலில் ஃபால்ஸ் சீலிங் போட்டாயிற்று. அதில் டவுன்லைட் விளக்குகளைப் பதிக்கத்தான் எலக்ட்ரீஷியன் என்னைக் கூப்பிட்டார்கள். மூலைக்கு மூலை வெளிச்சம் வேண்டும் என்று மகள் சாருலதா ஒற்றைக்காலில் நின்றாள். செத்துப்போன அப்பா ராஜகோபாலன் இன்னும் சோபாவில் உட்கார்ந்திருக்கிறார் என்கிறாராம் மாமி.

"பளிச்சுனு லைட் வந்தா இந்தப் பிரமை போயிடும். போகலைன்னா ஆத்தைப் பூட்டிண்டு அம்மாவை என்னோட அழைச்சுண்டு போயிடுவேன்," என்றாள்.

"நான் எங்கேயும் வரமாட்டேன்டி. அவரைத் தனியா விட்டுட்டு எப்படி வருவேன்?" என்றார் மாமி.

எனக்குப் பேய் பிசாசெல்லாம் சுத்தப் பேத்தல். கடலோரத்தில் பிறந்தவன் இருட்டுக்குப் பயந்தால் பிழைக்க முடியுமா? ஏணியில் ஏறி, சீலிங் ஓட்டைக்குள் வயரை நுழைத்தேன். அடுத்த அறையில், மெயின் பெட்டியருகே என் கூட்டாளி மாசிலாமணி நிற்கவேண்டும். வேலையில் நாங்கள் கத்துவதில்லை. நான் வயரை இரண்டு முறை சுண்டினால் அவன் இழுப்பான். போதுமென்றால் அவன் இரண்டு முறை சுண்டுவான். சுண்டினேன். வயர் விறுவிறுவென்று உள்ளே போயிற்று. சோம்பேறிக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று நினைத்துக்கொண்டேன். அங்கிருந்து சுண்டியதும் நிறுத்தினேன்.

அப்போது வாசல் கதவைத் திறந்துகொண்டு, கையில் டீயோடு மாசிலாமணி வந்தான்.

"இன்னா மச்சி, என்னை வுட்டுட்டு ஆரம்பிச்சிட்டியா?"

"டேய், நீ உள்ள இல்லியா? அப்ப இழுத்தது யாருடா?"

அடுத்த அறைக்கு ஓடினோம். ஆளில்லை. வயர் முனையை யாரோ அழகாகச் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தார்கள். மாதாவே! சிலுவை போட்டுக்கொண்டேன். பின்னாலேயே வந்த மாமிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அவர்தான். சும்மா உட்காரவே தெரியாது அவருக்கு."

சாருலதாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "போதும்மா. நாளைக்கே கிளம்பறோம்."

மிச்ச வேலையை எப்படி முடித்தேனோ, எனக்கே தெரியாது. சாயங்காலம் சுவிட்சுகளைப் போட்டதும் ஹால் கல்யாண மண்டபம் மாதிரி ஜொலித்தது. சோபாவில் இருந்த மாமி பக்கத்து இடத்தைப் பார்த்தார். கையால் தடவினார்.

"எங்கேடி அவர்?" என்று கேட்டு விசும்ப ஆரம்பித்தார்.

"பழகிடும்மா," என்றாள் சாருலதா.

நான் யாரையும் கேட்கவில்லை. சோபாவுக்கு மேலிருந்த விளக்கை மட்டும் அணைத்தேன். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். அந்த இடத்தில் மெத்தை மெல்ல அழுந்தியது. எல்லோரும் பார்த்தோம்.

சாருலதா சுவரோரமாகவே நடந்துவந்து, மற்ற விளக்குகளைத் தானே ஒவ்வொன்றாக அணைத்தாள்.

"அப்பா, நானும் உட்காரட்டுமா?" என்று கேட்டாள்.