லிந்துலை வளைவில் ஒரு போட்டோ

நுவரெலியாவில் கடைசி நாள் காலை வரைக்கும் நிஷாந்தியின் பொய் பத்திரமாகத்தான் இருந்தது.

தன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற மிலானின் அம்மா ஷிராணியிடம், தன் ஊர் நுவரெலியா டவுன் என்றும், அம்மா அங்கே துணிக்கடை வைத்திருக்கிறாள் என்றும் அவள் சொல்லியிருந்தாள். உண்மையில் அவள் பிறந்தது லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். அம்மா சுகிர்தம் இன்றைக்கும் அங்கே கொழுந்து பறிக்கிறாள். பொய்யைச் சொல்லிக் கொடுத்தவனே மிலான்தான். "எங்க அம்மாவுக்குத் தோட்டத்து ஆக்கள்னா ஒரு மாதிரி. முதல்ல நிச்சயம் முடியட்டும், பிறகு நான் பக்குவமா சொல்லிக்கிறேன்" என்றான். காதலில் விழுந்தவளுக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. தலையாட்டிவிட்டாள்.

கொழும்பில் பிறந்து வளர்ந்த ஷிராணிக்கு நுவரெலியா என்றால் உயிர். கல்யாணமான புதிதில் புருஷனோடு வந்த ஊர். வருஷம் ஒரு தடவையாவது வந்து குளிரில் நடுங்கிவிட்டுப் போகாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. இந்தத் தடவை மருமகளாக வரப்போகிறவளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். "உன் அம்மாவையும் பார்த்தமாதிரி இருக்கும் மகள்" என்றபோது, அம்மா கடையைப் பூட்டிவிட்டு வேளாங்கண்ணிக்குப் போயிருக்கிறாள் என்று நிஷாந்தி அடுத்த பொய்யை எடுத்துவிட்டாள். சுகிர்தத்துக்கும் போன் போட்டுச் சொல்லிவைத்தாள். "சரி புள்ள, நான் வேளாங்கண்ணியிலயே இருக்கேன்" என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நிஷாந்தியின் தூக்கத்தைக் கெடுத்தது.

கடைசி நாள் என்பதால் ஷிராணிக்கு ஊரை விட்டுக் கிளம்பவே மனமில்லை. வாவிக்கரையில் இன்னொரு நடை, பூங்காவில் இன்னொரு சுற்று, மார்க்கெட்டில் லீக்ஸ், கரட், அதற்குப் பிறகு ஒரு பிளேன்டீ. நிஷாந்தியோ தலையைக் குனிந்துகொண்டே நடந்தாள். தெரிந்தவர் யாராவது வந்து, "என்ன நிஷா, தோட்டத்துக்கு வரலியா?" என்று கேட்டால் கதை முடிந்தது. ஒருவழியாக மிலான் வேனை எடுத்ததும்தான் அவளுக்கு மூச்சு வந்தது.

"மிலான், வந்த வழியால வேணாம். ஹட்டன் ரோட்டால போவம். தேயிலைய ஆசைதீரப் பார்த்துட்டுப் போவம்" என்றாள் ஷிராணி.

ஹட்டன் ரோடு லிந்துலை வழியாகத்தான் போகிறது. மிலான் கண்ணாடியில் நிஷாந்தியைப் பார்த்தான். ஏதாவது சாக்குச் சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். "சரிம்மா" என்றான் அந்த வீரன்.

நானுஓயா தாண்டியதுமே ஒவ்வொரு மலையாகத் தேட ஆரம்பித்தாள். அம்மா இன்றைக்கு எந்த மலையில் நிற்கிறாளோ? ரோட்டோரத்து மலையாக இருந்துவிட்டால்? மேல் மலையாக இருக்கட்டும் மாதாவே, அம்மா என் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். பெற்றவளைக் காட்டாதே என்று மாதாவிடமே கேட்கிறோமே என்று உறைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாதாவுக்கு அன்றைக்கு வேறு வேலை இருந்திருக்க வேண்டும். லிந்துலை வளைவில் கொழுந்து நிறுக்கிற நேரம். பெண்கள் சாக்குகளோடு ரோட்டோரம் வரிசையாக நின்றார்கள்.

"நிப்பாட்டு, நிப்பாட்டு!" என்று கூவிக்கொண்டே ஷிராணி போனைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். "மகள், நீயும் வா!"

இறங்காமல் இருக்க முடியவில்லை. வரிசையின் கடைசியில், இடுப்பில் ஈரம் படாமல் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு நின்றவள் சுகிர்தம். அவள் கண் மகள் மேல் பட்டது, ரோட்டில் போகிற யாரோ ஒருத்தியைப் பார்க்கிறமாதிரி உடனே விலகியது. பக்கத்தில் நின்ற காளியாயி, "அட, நம்ம..." என்று வாயெடுத்தாள். சுகிர்தம் ஒரு பார்வைதான் பார்த்தாள், அவள் வாய் மூடிக்கொண்டது. வரிசை முழுக்க நிஷாந்தியைத் தூக்கி வளர்த்த பெண்கள். ஒருத்தியும் மூச்சு விடவில்லை.

"அம்மா, உங்களோட ஒரு போட்டோ எடுக்கலாமா?" ஷிராணி சுகிர்தத்திடமே போய்க் கேட்டாள்.

"எடுங்கம்மா. எடுங்க."

"மகள், அந்த அம்மா பக்கத்துல நில்லு. இன்னும் கிட்ட."

நிஷாந்தி போய் நின்றாள். பச்சைக் கொழுந்து வாசமும் அம்மாவின் வியர்வை வாசமும் சேர்ந்து வந்தன. தன்னையறியாமல், "அம்மா" என்றாள்.

சொல்லிவிட்டோமே என்று நெஞ்சு நின்றேபோனது. ஷிராணியோ பூரித்துப் போனாள். "பார்த்தியா மிலான்! என்ன மரியாதையா கூப்பிடுறாள் பாரு." அம்மா என்று யாரை வேண்டுமானாலும் கூப்பிடுகிற பாஷையில் அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு!

படம் எடுத்தாயிற்று. அத்தோடு போயிருக்கலாம். ஷிராணி நல்ல மனசுக்காரி, இரண்டு வார்த்தை பேசாமல் போக மாட்டாள். "உங்களுக்குப் பிள்ளைகள் எத்தன பேர்?"

சுகிர்தம் கொழுந்துச் சாக்கைத் தோளில் சரிசெய்தாள். "பிள்ளைங்களா? இல்லீங்கம்மா. ஆண்டவரு குடுக்கல."

நிஷாந்திக்கு முகத்தில் அறைந்தமாதிரி இருந்தது. பெற்ற பிள்ளை உயிரோடு பக்கத்தில் நிற்க, எந்தத் தாய்க்கு அப்படி ஒரு சொல் வாயில் வரும்? தனக்காகத்தான் வந்தது. இதற்கு மேல் தாங்கவில்லை. "எங்கம்மா..." என்றாள்.

ஷிராணி திரும்பினாள். மிலான் பதறிப்போய், "நிஷா, பேசாம வா" என்று முணுமுணுத்தான். ஆனால் எல்லோரையும் முந்திக்கொண்டவள் சுகிர்தம்தான்.

"எங்கயா? நாங்க இருக்குற லயத்தையா மிஸ் கேக்குறீங்க? அந்தா, மேல, கோயிலுக்கு அங்கிட்டு."

கை மலையைக் காட்டியது. ஷிராணியும் அந்தப் பக்கம் பார்த்து, "எவ்வளவு உயரம்!" என்றாள். பொய் தப்பிவிட்டது. வேனுக்குள் போய் உட்கார்ந்தால் போதும், நிச்சயம், கல்யாணம், கொழும்பில் வீடு, எல்லாம் தப்பிவிடும். ஒரு நொடி நிஷாந்திக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதியை நினைத்துத்தான் அவளுக்கு அருவருப்பு வந்தது.

"லயத்தக் கேக்கல ஆன்ட்டி. இவங்கதான் என்னைப் பெத்தவங்க."

"ஏன்டி சொன்ன?" சுகிர்தம் அலறிவிட்டாள். மிஸ்ஸும் இல்லை, நீங்களும் இல்லை. கொழுந்துக் கறை படிந்த கையால் மகளின் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "ஏன்டி சொல்லித் தொலைச்ச? உன் வாழ்க்கைய நீயே கெடுத்துக்கிட்டியேடி!"

அதற்கு மேல் ஷிராணிக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு மகன் பக்கம் திரும்பினாள். குரலில் கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை.

"மிலான், இது உனக்குத் தெரியுமா?"

நிஷாந்தி மிலானையே பார்த்தாள். அவன் ஒரு தலையசைப்பு அசைத்தால் போதும். மீதியை அவள் சமாளித்துக்கொள்வாள், எத்தனை ஏச்சு வாங்கினாலும் வாங்கிக்கொள்வாள். மிலான் கையிலிருந்த வேன் சாவியைப் பார்த்தான்.

"தெரியாதும்மா."

சற்றுமுன் ஒருத்தி பிள்ளையே இல்லை என்றாள், இப்போது ஒருவன் தெரியாது என்கிறான். அவள் யாருக்காகச் சொன்னாள், இவன் யாருக்காகச் சொன்னான் என்பது நிஷாந்திக்கு நன்றாகப் புரிந்தது. காலையிலிருந்து இருந்த பயம் அடங்கிவிட்டது. அந்த இடத்தில் வலிதான் இருந்தது.

"பொய் சொன்னதுக்கு மன்னிச்சிருங்க ஆன்ட்டி" என்றாள். மிலானைத் தாண்டிப் போனாள். வேனின் பின்கதவைத் திறந்து தன் பையை எடுத்துக்கொண்டாள்.

"எங்கடி வர்ற? போய் வேன்ல ஏறு" என்று சுகிர்தம் கண்ணைத் துடைத்துக்கொண்டே விரட்டினாள். "நான் இன்னும் கொழுந்து நிறுக்கலடி."

"நிறுத்துட்டு வாங்க. நிக்கிறேன்" என்று நிஷாந்தி வரிசையில் அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றாள்.