மாயன் கோட்டைக்குப் போன சாராள் டீச்சர்

நான் அமெரிக்கா போகிறேன் என்று ஊருக்கெல்லாம் சொன்னது நான் இல்லை, செல்வமேரி. எங்கள் சபையில் அவள் காதில் ஒன்றைப் போடுவதும் கோயில் மணியை அடிப்பதும் ஒன்றுதான். ஞாயிறு பள்ளியில் இருபது வருஷமாக எனக்குத் துணை டீச்சர். நல்லவள். வாய்தான் நிற்காது.

என் மகன் வில்பிரட் மனைவி ஷீலாவோடு ஹூஸ்டனில் இருக்கிறான். அவனைப் பார்த்து நாலு வருஷம். அவன் அப்பா அடக்கத்துக்கு வந்தவன்தான். தொண்ணூற்று நாலாம் வருஷம் அக்டோபரில் பக்கத்து வீட்டுக் கனகவல்லி வீட்டு போனுக்குக் கூப்பிட்டான்.

"அம்மா, கிறிஸ்துமஸுக்கு வாங்க. மெக்சிகோ போறோம். கான்கூன்னு ஒரு பீச். அங்கிருந்து துலும். மாயன் கோட்டைம்மா, பழைய இடிபாடு, கீழே கடல். நீங்க ஜியாக்ரபி டீச்சராச்சே, உங்களுக்குப் பிடிக்கும்."

பிடிக்குமாவது! எனக்கு மாயனும் வேண்டாம், மன்னனும் வேண்டாம். ஒரு சாயங்காலம் அவன் பக்கத்தில் கடலைப் பார்த்து உட்கார்ந்தால் போதும். இருந்தாலும் அட்லஸை விரித்தேன். யுகடான் கட்டைவிரல் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. அதைத் தொட்டுத் தொட்டு அந்தப் பக்கமே அழுக்காகிவிட்டது. குரோம்பேட்டையில் கேன்வாஸ் ஷூ வாங்கி, இடிபாட்டில் ஏறிப் பழக வேண்டாமா என்று மொட்டைமாடிப் படியில் தினமும் ஏறி இறங்கினேன். மூட்டு வலித்தது. சந்தோஷமாக வலித்தது.

ஊர் வழக்கம் ஒன்று இருக்கிறதே! வீட்டிலிருந்து ஒருவர் அமெரிக்கா போனால் ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் அவர்தான் தபால்காரர். பருப்புப்பொடி வந்தது, அதிரசம் வந்தது. செல்வமேரி நியூ ஜெர்சியில் இருக்கும் தன் மகன் தனசிங்குக்கு ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுவந்தாள். எல்லார் பிள்ளையும் ஒரே தெருவில் இருக்க அமெரிக்கா என்ன எங்கள் பக்கத்து அஸ்தினாபுரமா? சொன்னால் கேட்கவா போகிறார்கள். வாங்கி வைத்தேன்.

புறப்படுவதற்கு முந்தின நாள் வழியனுப்பு ஜெபம் என் வீட்டில்தான் நடந்தது. சபைப் போதகர் ஐயர் கண்ணை மூடிக்கொண்டு, "நரபலி கொடுத்தவர்களின் தேசத்துக்குப் போகிற உம் அடியாளைக் காத்துக்கொள்ளும்" என்று உருகிவிட்டார். எல்லாரும் கேக் சாப்பிட்டு, என் கையைப் பிடித்து ஆசீர்வாதம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலையில் கனகவல்லி வேலிக்கு மேல் கூப்பிட்டாள். போனில் வில்பிரட்.

"அம்மா, மெக்சிகோவுக்கு உங்களுக்குத் தனி விசா வேணுமாம். நான் கவனிக்கல. ஓட்டல் புக் பண்ணியாச்சு, ஷீலாவோட அப்பா அம்மாவும் வர்றாங்க. நாங்க இல்லாத வீட்டுல நீங்க தனியா என்ன பண்ணுவீங்க? டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுட்டேன். சம்மர்ல வாங்கம்மா. சரியா?"

"சரிப்பா."

"கோபம் இல்லியே?"

"சரிப்பா, சரிப்பா."

கனகவல்லி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். "இன்னா டீச்சர், ஃப்ளைட்டு டைம் சொன்னாரா?" என்றாள். அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "ஆமாம்மா, ராத்திரி. யாரும் ஏர்போர்ட்டுக்கு வர வேணாம், சிரமம்" என்று என் வாய் சொல்லிவிட்டது. வேறு என்னத்தைச் சொல்ல? தின்ற கேக்கைத் திருப்பித் தரச் சொல்வதா?

சாயங்காலம் வீட்டைப் பூட்டி, பெட்டியோடு ஆட்டோ ஏறி, தாம்பரத்தில் இறங்கி பஸ் பிடித்தேன். எங்கே போவது என்று யோசிக்கவே இல்லை. கடல், கல், இடிபாடு மூன்றும் இருக்கிற ஊர் எனக்கு ஒன்றுதான் தெரியும். மாமல்லபுரம்.

லாட்ஜில் அறை எடுத்தேன். கிறிஸ்துமஸ் அன்றைக்குக் காலையில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நானே பாமாலை பாடினேன். இரண்டாவது அடியோடு பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டேன். கீழே ஓட்டலில் இட்லி சாப்பிட்டேன். "அம்மா தனியாவா?" என்று சர்வர் கேட்டார். "மகன் வருவான்" என்றேன். பொய் ஒன்றென்றால் நூறு.

சனிக்கிழமை மத்தியானம் கேன்வாஸ் ஷூவோடு கடற்கரைக் கோயில் பக்கம் போய் நிழலில் உட்கார்ந்தேன். ஓட்டலில் வாங்கிய தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. தனசிங்கின் பாட்டிலைத் திறந்தேன். காரமும் புளிப்பும் ஏறி, கடற்காற்றில் அந்த ருசியே வேறு. வில்பிரட் இந்நேரம் மாமனாரோடு அந்தக் கோட்டையில் ஏறிவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருப்பான் என்று நினைத்தேன். நினைத்ததும் மீதிச் சோற்றை மடித்து வைத்தேன்.

அப்போதுதான் குழந்தைகள் சத்தம் கேட்டது. தலை நிமிர்ந்தால், எங்கள் ஞாயிறு பள்ளி! வரிசையாக வருகிறது. கிறிஸ்துமஸுக்கு அடுத்த சனிக்கிழமை பிக்னிக், மாமல்லபுரம். வருஷா வருஷம் தேதி குறிப்பது யார்? நான். இந்த வருஷமும் நானேதான் ஆகஸ்டிலேயே குறித்துக் கொடுத்தேன். மாயன் வந்ததும் அது மண்டையிலிருந்து சுத்தமாகப் போய்விட்டது.

"டீச்சர்! சாராள் டீச்சர்!" என்று ஒரு குட்டி கத்தியது.

முன்னால் வந்த செல்வமேரி நின்றாள். என்னைப் பார்த்தாள். ஷூவைப் பார்த்தாள். பிறகு அந்த ஊறுகாய் பாட்டிலைப் பார்த்தாள். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

செல்வமேரி குழந்தைகள் பக்கம் திரும்பினாள். "யாரு டீச்சரு? அது வேற யாரோ அம்மா. நம்ம டீச்சரு இந்நேரம் மகன் கையப் புடிச்சுக்கினு மாயன் கோட்டையில ஏறிக்கினு இருப்பாங்க. நடங்க, நடங்க, அந்தாண்ட போய் வெளாடலாம்."

வாயே மூடாதவள், எனக்காக மூடிக்கொண்டாள். நன்றியாகத்தான் இருந்தது. ஆனால் வேறு யாரோ என்று அவள் சொன்ன அந்த நிமிஷம் இந்த உலகத்தில் என்னைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லாமல் போய்விட்டார்கள்.

குழந்தைகளைத் தள்ளிவிட்டு அவள் மட்டும் திரும்பி வந்தாள். ஒரு புளிசாதப் பொட்டலத்தை என் பக்கத்தில் வைத்தாள்.

"ஊறுகா நல்லா கீதுங்களா டீச்சர்?"

தலையாட்டினேன்.

"தனசிங்குக்குப் புடிக்கும்." கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "வில்பிரட்டைக் கேட்டதாச் சொல்லுங்க."

"சொல்றேன்" என்றேன். அவள் போய்விட்டாள்.

பிக்னிக் பஸ் கிளம்பிப் போன பிறகு கடைத்தெருவில் ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போனேன். வீட்டில் இருக்க மாட்டான் என்று தெரிந்தும் நம்பரைப் போட்டேன். ஹூஸ்டனில் மணி அடித்தது. வில்பிரட் எடுத்தான் என்று நெஞ்சு துள்ளியது. பதில் சொல்லும் மிஷின். ஊரில் இல்லை, பேசி வையுங்கள் என்று அவன் குரல் இங்கிலீஷில் சொன்னது.

"வில்பிரட், அம்மா பேசறேன். செல்வமேரி உன்னைக் கேட்டதாச் சொன்னா." அதோடு வைத்திருக்கலாம். முடியவில்லை. "அன்னிக்கு சரிப்பான்னு சொன்னேன்ல? எனக்குச் சரியே இல்லப்பா. உன்னைப் பார்க்கணும்."

பூத்துக்காரர் என்னைப் பார்க்காமல் வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.