நிலைவாசலுக்கு அடியில் மெட்டபோன்டம்

சேலையூரில் புதுவீட்டுக்கு நிலைவாசல் வைத்த அன்று ஹேமநாத்துக்கு உயிரே போய்விட்டது. சும்மா சொல்லவில்லை, ஆளைப் பார்த்திருந்தால் நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

காட்டாங்குளத்தூர் கல்லூரி லேபில் வேலை. ஆனால் மனுஷனுக்கு மூச்செல்லாம் பழங்காசு. ஆயுசு முழுக்கச் சேர்த்ததையெல்லாம் எழும்பூர்க்காரர் ஒருவரிடம் அள்ளிக் கொடுத்துவிட்டு, மாற்றாக ஒரே ஒரு கிரேக்க வெள்ளிக்காசை வாங்கி வந்திருந்தான். கப்பலேறிப் போன கிரேக்கர்கள் இத்தாலியின் தென்கரையில் குடியேறிக் கட்டிய ஊர் மெட்டபோன்டம்; அங்கே அடித்த காசு. பார்லி கொழித்த ஊர் என்பதால் காசிலும் ஒரு பார்லிக் கதிர். முன்பக்கம் புடைத்து நிற்கும். பின்பக்கம் அதே கதிர் பள்ளமாக இறங்கியிருக்கும். அப்பப்பா, என்ன அழகு!

வரும் ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் காசு சேர்ப்பவர்கள் கூட்டம். அங்கே அதைக் காட்டி எல்லோரையும் வயிறெரிய வைக்கத் துடித்துக்கொண்டிருந்தான். மனைவி ஜெயப்ரியாவிடம் மட்டும் அதன் விலையைப் பற்றி மூச்சு விடவில்லை. தெரிந்தால் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள் என்ற பயம். பயந்தாங்கொள்ளி!

நிலை வைக்கிற அன்று பூமாலை வாங்கப் போனவன் கேம்ப் ரோடு நெரிசலில் மாட்டிக்கொண்டான். நல்ல நேரம் முடியப்போகிறதே என்று மேஸ்திரி துலுக்காணம் நிலையை நட்டுவிட்டார்.

"அடியில வெள்ளி வெச்சாச்சா மேஸ்திரி?" என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

"ஆச்சு சார். நெற்கதிர் போட்ட காசு, ஷோக்கா கீது. அக்காதான் குட்த்துச்சு."

ஹேமநாத் மாலையைக் கீழே போட்டான். "ஐயோ! எடுங்க, எடுங்க!"

"சிமிட்டி ஈரமாத்தான் கீது. நோண்டினா வந்துடும். ஆனா நட்ட நெலைய அசைக்கிறது நல்லதில்ல சார், சொல்ட்டேன்."

ஜெயப்ரியா பதறிப்போனாள். "என்னங்க ஆச்சு?"

"பீரோவுல லட்சுமி காசு இருந்துச்சே ப்ரியா, அதை எடுத்திருக்கக் கூடாதா?"

"அது நகைக்கடையில சும்மா குடுத்தது. சும்மா வந்ததையா வாசல்ல வைப்பாங்க? இதைத்தான் நீங்க தினமும் எடுத்து எடுத்துப் பாத்தீங்க. நம்ம வாசலுக்குன்னுதான் வாங்கி வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். எனக்கு அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு."

 அந்தக் காசுக்காக ஹேமநாத்தின் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அவள் முகத்தைப் பார்த்தால் அதைவிட அதிகமாக வலித்தது.

துலுக்காணம் கரண்டியோடு குந்தியிருந்தார். "இன்னா சார், நோண்டவா, பூசவா?"

ஹேமநாத் குனிந்து கீழே கிடந்த மாலையை எடுத்தான்.

"பூசுங்க," என்றான். கண்ணில் தண்ணீர் முட்டியது. "ப்ரியா, இனிமே இந்த வீட்டை நாம விக்கவே முடியாது, தெரியுமா?"

"விக்கறதுக்கா கட்டுறோம்?" என்றாள் அவள்.