கை நனைக்காதவள்

எனக்குச் சர்க்கரை நோய் வந்தது பதிமூன்று வயதில். முதல் வகை. மாத்திரைக்கு அடங்காது. ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்னும் இன்சுலின் ஊசி போட வேண்டும். போட்டுவிட்டால் கொஞ்ச நேரத்தில் சாப்பிட்டே ஆக வேண்டும், இல்லையென்றால் சர்க்கரை இறங்கி ஆளைச் சாய்த்துவிடும். இவ்வளவுதான் விஷயம். யாரிடமும் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். சுதாராணியிடம் நான் சொல்லவில்லை.

நான் வாய் செத்தவள் இல்லை. இடைசெவல் பக்கம் எங்களுக்குக் கரிசல் காடு நிறைய உண்டு, ஆனால் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். பொம்பளைப் பிள்ளைக்குப் பட்டம் எதற்கு என்று கேட்ட பெரியப்பாவை அவர் வீட்டு வாசலிலேயே நிறுத்தி வைத்துக் கேட்டிருக்கிறேன். நிறுத்தத்தில் நிற்காமல் போன பஸ்ஸை அடுத்த நாள் மறித்து டிரைவரோடு சண்டை போட்டிருக்கிறேன். அதெல்லாம் வரும். நாலு பேர் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு வாய் சாப்பிடு என்றால் மட்டும் கை உதறும்.

பதினாலு வயதில் ஒரு சடங்கு வீட்டுப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டேன். வெட்கப்படாமல் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பக்கத்து இலைக்காரி எழுந்து வேறு வரிசைக்குப் போனாள். எதிர் வரிசையிலிருந்து ஒருத்தி, "இத எவன் தலையில கட்டப் போறாவளோ" என்றாள். அம்மா என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். "இனிமே நாலு பேரு பாக்க இதப் போட்ட, கைய ஒடிச்சிருவேன்" என்றாள். சொல்லும்போது அவளும் அழுதாள். அன்றிலிருந்து கக்கூஸில்தான். கோவில்பட்டியில் எந்தக் கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் உண்டு, எதில் லைட் எரியும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

சுதாவும் நானும் ஒரே பள்ளியில் வேலை பார்க்கிறோம். கோவில்பட்டிக்கு வெளியே ஒரு தனியார் பள்ளி. அவள் தமிழ், நான் கணக்கு. சேர்ந்த முதல் நாளே அவள் என்னிடம் சொன்னாள்.

"செல்வி, நான் புதூர் பக்கம். ஊருக்குள்ள இல்ல, காலனி. பெறகு தெரிஞ்சு மூஞ்சியத் திருப்புததுக்கு இப்பமே திருப்பிக்கோ."

"எதுக்குட்டி திருப்பணும்? ஒம் மூஞ்சி என்ன அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்றேன்.

மூன்று வருடம் அப்படித்தான் போனது. ஒரே பெஞ்சு, ஒரே சிரிப்பு, தலைமையாசிரியரைத் திட்டுவதில் ஒரே கட்சி. மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் நான் அவளோடு உட்கார்ந்ததில்லை. ஊசியைப் போட்டுவிட்டு லேபுக்குப் பின்னால் இருக்கும் சாமான் அறையில் என் டப்பாவைத் தனியாகத் தின்றுவிட்டு வருவேன். கேட்டால், நோட்டுத் திருத்த வேண்டும் என்பேன். அவள் ஒருநாளும் வற்புறுத்தியதில்லை. வற்புறுத்தாததை அப்போது நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டேன். அவள் உள்ளுக்குள் ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு, அதைக் கேட்கப் பயந்திருக்கிறாள்.

போன ஆவணியில் சுதா வீடு கட்டி முடித்தாள்.

"ஞாயித்துக்கெழம பால் காய்ச்சுதோம். நீ வந்தே ஆகணும். எம்மக கூட வேல பாக்குத டீச்சர் வாராவன்னு எங்கம்மா தெருவெல்லாம் சொல்லி வச்சிருக்கா. பத்து மணிக்குப் பாலு, ஒடனே சாப்பாடு" என்றாள்.

குளியலறைக்கு இன்னும் கதவு மாட்டவில்லை என்றும் பேச்சுவாக்கில் சொன்னாள். அதை மட்டும் நான் நன்றாகக் காதில் வாங்கிக்கொண்டேன்.

அன்றைக்குப் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ரோட்டோரத்து வேலிக்கருவைக்குப் பின்னால் போய் எட்டு யூனிட் போட்டேன். ஒரு முழுச் சாப்பாட்டுக்கான அளவு. மணி ஒன்பதே முக்கால். நடந்து போய்ச் சேரப் பத்து, பால், இலை. யார் கண்ணிலும் படாமல் எல்லோரையும் போலச் சாப்பிட்டுவிடலாம். மழைக்குக் காத்து உழுது போட்ட காட்டு வழியே வெயிலில் நடந்தேன். எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

போனால், பால் அடுப்பில் ஏறவில்லை. தாய்மாமன் வரவில்லை. மாமன் சீர் வராமல் பால் காய்ச்ச மாட்டார்கள். எங்கள் வீடுகளிலும் அப்படித்தான். ஊசி போடும் முன் எனக்கு அது நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

சுதாவின் மாமா பிச்சையா பத்தே முக்காலுக்கு வந்து சேர்ந்தார். சீர்த் தட்டு ஏற்றிய ஆட்டோ பஞ்சராம்.

"பொண்ணு பாக்கப் போன அன்னைக்கும் லேட்டு, இன்னைக்கும் லேட்டாடா?" என்று சுதாவின் அம்மா மாடத்தி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு லேட்டாப் போனதாலதானக்கா மூத்தவ தப்பிச்சு எளையவ மாட்டுனா" என்றார் அவர். அவர் மனைவி முதுகில் ஒன்று வைத்தாள். வீடே சிரித்தது.

நான் சிரிக்கும் நிலையில் இல்லை. எல்லோரும் தரையில் இருக்க, என்னை மட்டும் நடுக்கூடத்தில் ஒரு புது பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். ஃபேனை என் பக்கம் திருப்பியிருந்தார்கள். அப்படியும் வியர்த்துக் கொட்டியது. உதடு மரத்துப்போனது. பையில் நாலு மிட்டாய் இருந்தது. ஆனால் பால் பொங்காமல் அந்த வீட்டில் ஒரு குழந்தைகூட வாயில் எதையும் வைக்கவில்லை. கூடத்தில் நாற்பது பேராவது இருப்பார்கள். அத்தனை பேரும் டீச்சரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பால் பொங்கியது. குலவை போட்டார்கள். மாடத்தி சீனி போட்டு ஆற்றி, முதல் டம்ளரைத் தம்பிக்குக்கூடக் கொடுக்காமல் நேரே என்னிடம் கொண்டுவந்தாள். இரண்டு கையாலும் நீட்டினாள்.

"மொதப் பாலு டீச்சருக்கு. குடிங்க தாயி."

"யக்கா, அவிய நம்மாளு இல்லைங்காவளே. நம்ம வீட்டுல கை நனைப்பாவளா, கேட்டுட்டுக் குடு" என்றார் பிச்சையா. விளையாட்டாகத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

"மாமா, வாய மூடும்" என்றாள் சுதா. "செல்வி அப்பிடி இல்ல."

எனக்கு அந்த நேரம் வேண்டிய மருந்தே அந்தப் பால்தான். இரண்டு மடக்குக் குடித்திருந்தால் நடுக்கம் நின்றிருக்கும். ஆனால் கையை நீட்டினால் உதறல் தெரியும். டம்ளர் தளும்பும். என்னம்மா ஆச்சு என்பார்கள். பை திறக்கும், ஊசி வெளியே வரும், நாற்பது பேரும் என் வயிற்றைப் பார்ப்பார்கள். கைகளைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டேன்.

"இல்லம்மா. ஆவணி ஞாயிறு. விரதம்."

"ஒரு வாய் நாக்க மட்டும் நனச்சிக்கிடுங்க."

"பச்சத் தண்ணிகூடக் குடிக்க மாட்டேம்மா."

சர்க்கரை இறங்கினால் புத்தி வேலை செய்யாது என்று இப்போது சாக்குச் சொல்லலாம். பொய் சொல்லும் அளவுக்கு வேலை செய்ததே. மாடத்தியின் கை நீட்டியபடியே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு டம்ளரைத் தம்பியிடம் கொடுத்தாள். பிச்சையா யாரையும் பார்க்காமல் குடித்தார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வெளியே வந்தேன். வழியில் நாலு மிட்டாயையும் மென்று விழுங்கினேன். எட்டு யூனிட்டுக்கு நாலு மிட்டாய் காணாது. ரோட்டுக்கு வருவதற்குள் கண் இருண்டது. நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடை. பெஞ்சில் விழுந்தேன்.

"அண்ணாச்சி, சீனி தூக்கலா ஒரு டீ. பன்னு இருக்கதக் குடுங்க. சீக்கிரம்."

அந்த பெஞ்சைப் பற்றி சுதா ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அவள் அப்பா சாகும்வரை அந்தக் கடையில் நின்றுகொண்டுதான் டீ குடித்தார். அதெல்லாம் எனக்கு அப்போது நினைவில் இல்லை. இரண்டு கையாலும் பன்னைப் பிய்த்து டீயில் முக்கித் தின்றுகொண்டிருந்தேன். மூன்றாவது பன்னில் தலை நிமிர்ந்தபோது எதிரே ஸ்கூட்டியில் சுதா இருந்தாள். ஹேண்டிலில் ஒரு தூக்கு வாளி தொங்கியது. விரதம் முடித்து வீட்டில் போய்ச் சாப்பிடட்டும் என்று அவள் அம்மா கொடுத்துவிட்டிருக்கிறாள்.

பெஞ்சைப் பார்த்தாள். என் வாயைப் பார்த்தாள். வாய் நிறைய பன்.

"விரதம் முடிஞ்சிட்டா டீச்சர்?" என்றாள்.

பிள்ளைகள் முன்னால் தவிர அவள் என்னை டீச்சர் என்று கூப்பிட்டதே இல்லை. நான் விழுங்கி முடிப்பதற்குள் வண்டியைத் திருப்பிவிட்டாள்.

"அந்தக் காலனிப் புள்ள ஒங்களுக்குத் தெரிஞ்சவளாம்மா?" என்று கடைக்காரர் கேட்டார். எனக்கு "ஒங்களுக்கு", அவளுக்கு "தெரிஞ்சவ". இன்னொரு நாளாக இருந்தால் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அன்றைக்கு அவரைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

திங்கட்கிழமை இடைவேளையில் சுதாவைத் தனியாகப் பிடித்துச் சொன்னேன். ஊசியை எடுத்துக் காட்டினேன். வயிற்றில் தழும்பேறிய இடத்தைக்கூடக் காட்டினேன். அவள் எல்லாவற்றையும் பார்த்தாள்.

"நம்புதேன்" என்றாள். "ஆனா ஒண்ணு கேக்கேன். காலனின்னு நான் மொத நாளே ஒங்கள்ட்ட சொன்னேன். எனக்கு மட்டும் அது லேசாவா இருந்துச்சு?"

ஊசியைப் பைக்குள் திரும்ப வைத்தேன்.

"என்கிட்ட சொல்லிட்டீங்க, சரி. எங்கம்மா நாப்பது பேரு முன்னால கைய நீட்டிட்டு நின்னாளே, அவகிட்ட யாரு சொல்லுவா?"

அடுத்த ஞாயிறு போனேன். இந்த முறை முடிவோடுதான் போனேன். ஊசியை வழியில் போடவில்லை. அவர்கள் கண் முன்னால் போட்டுக்கொண்டு, அவர்கள் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு வருவதாகத் திட்டம்.

மாடத்தி வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரோடு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்த இரண்டு பேரும் அன்றைக்குக் கூடத்தில் இருந்தவர்கள்தான். நின்றபடியே சொன்னேன்.

"அம்மா, அன்னைக்கு விரதம்னு சொன்னது பொய்யி. எனக்குச் சின்னதுல இருந்தே சுகர் இருக்கு. ஊசி போட்டுத்தான் சாப்பிடணும். வெளிய சொல்ல வெக்கப்பட்டுட்டேன்."

"இந்த வயசுலயா?" என்றாள் ஒருத்தி. "கல்யாணம் ஆயிட்டா?"

"தெனமுமா ஊசி? வயித்துலயா?" என்றாள் இன்னொருத்தி.

மாடத்தி கீரையைக் கீழே வைத்தாள். "அடப் பாவமே. சொல்லக் கூடாதா தாயி? உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். உள்ளே கருவாட்டுக் குழம்பு கொதிக்கும் வாசம் வந்தது. மணி ஒன்று. காலையிலிருந்து நான் சாப்பிடவில்லை. மழையைப் பற்றிப் பேசினார்கள். பள்ளியைப் பற்றிக் கேட்டார்கள்.

"யக்கா, புள்ளைக்கு ஒரு வாய் காப்பித்தண்ணியாவது…" என்று முதலாமவள் ஆரம்பித்தாள்.

"வேண்டாம்ட்டி" என்றாள் மாடத்தி. "அவியளுக்கு ஒத்துக்காது. நாம வற்புறுத்தக் கூடாது."

அவள் குரலில் கோபமே இல்லை. எனக்கு இரங்கிச் சொன்னாளா, இன்னொரு தடவை கையை நீட்ட மாட்டேன் என்று சொன்னாளா? எனக்கு இன்றுவரை தெரியவில்லை. "குடுங்கம்மா, ஊசி போட்டுட்டுச் சாப்பிடுதேன்." இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியது. வாய்வரை வந்தது. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். மடியில் இருந்த பைக்கு அடியில் கை உதற ஆரம்பித்தது.

"நேரமாச்சும்மா, வாரேன்" என்று எழுந்தேன்.

தெருவில் இறங்கும்போது சுதா கரண்டியும் கையுமாக உள்ளேயிருந்து வந்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"சாப்பிட்டீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவள் உடனே உள்ளே போகவில்லை. கரண்டியிலிருந்து குழம்பு சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். நானும் நின்றேன்.

"சரி டீச்சர், பாத்துப் போங்க" என்றாள்.

நான் ஒரு வாய் சோறு கேட்க வேண்டும் என்றுதான் அவள் நின்றாள் என்பது, பஸ்ஸில் ஏறி, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு ஊசியை எடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது.