விடு

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் உலர்த்தும் இயந்திரம் ஒரு தடவை ஓடி நிற்க நாற்பது நிமிஷம் ஆகும். அதற்குள் அம்மா அந்தக் காட்சியைக் கைப்பேசியில் ஒன்பது முறை பார்த்துவிட்டாள். நாலாம் நம்பர் சட்டையோடு மகள் ஓடுகிறாள். பந்து அவளுக்கு முன்னால் துள்ளி வருகிறது. காலால் ஒரு தட்டு தட்டினால் போதும், பந்து மைதானத்தைத் தாண்டிப் போய்விடும். நீட்டிய காலை மகள் சட்டென்று இழுத்துக்கொள்கிறாள். பின்னால் சறுக்கி வந்த எதிரணிக்காரி பந்தை வலைக்குள் தள்ளிவிடுகிறாள். காலை இழுப்பதற்குச் சற்று முன்னால், கண்ணிமைக்கும் நேரம், மகளின் தலை கூட்டத்தின் பக்கம் திரும்புகிறது. அதை வேறு யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அம்மாவுக்கோ அதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

அப்பாவின் நாட்டுக் கால்பந்து அணிச் சட்டையைப் போட்டுக்கொண்டு எழுபத்து மூன்று ஆட்டம் ஆடியவள் மகள். தடுப்பாட்டக்காரியின் வேலை பாத்திரம் கழுவுகிற மாதிரி. செய்தால் யார் கண்ணுக்கும் தெரியாது, செய்யாவிட்டால் வீடே நாறும். பத்து வருஷம் யார் கண்ணுக்கும் தெரியாமல் ஒழுங்காகச் செய்தாள். நேற்று எதிரில் நின்றது அம்மா பிறந்த நாட்டின் அணி. பேப்பர்க்காரனுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை அம்மா மனசுக்குள் தன் மொழிக்கு மாற்றிப் படித்தாள்: விட்டுக்கொடுத்தாள். ஜெயித்த நாளெல்லாம் நம்ம வீட்டுப் பெண், தோற்ற மறுநாள் அம்மா ஊர்க்காரி. அந்த ஊர்க்காரர்களாவது சும்மா இருந்தார்களா? பந்து அவள் காலுக்கு வரும்போதெல்லாம் காட்டிக்கொடுத்தவள் என்று கத்தினார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

"உன் பொண்ணு ஏன் காலை எடுத்தா?" என்று கேட்டாள், எதிரே படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தவள். குத்திக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

"முட்டி புடிச்சிருக்கும்," என்றாள் அம்மா. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

இதே கூடத்தில்தான் மகள் பந்து பழகினாள். அப்பா லாரியோடு ஊர் ஊராகப் போய்விடுவார். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் பிள்ளையை வேறெங்கே விடுவது? இரண்டு அழுக்குத்துணி வண்டிகளுக்கு நடுவே இருவரும் ஆடுவார்கள். சுவரில் பட்டுத் திரும்பும் பந்துக்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஓடுவார்கள். "விடு, நான் பாத்துக்கறேன்," என்பாள் அம்மா. விடு என்ற அந்தச் சொல் காதில் விழுந்ததும் பிள்ளை காலை இழுத்துக்கொள்ளும். வீட்டில் ஒரு மொழி போதும், குழந்தை குழம்பிப்போகும் என்று அப்பா வீட்டார் சொல்லியிருந்தார்கள். அதனால் அம்மாவின் மொழியில் மகளுக்குத் தங்கியது பத்துப் பதினைந்து சொற்கள்தான். அதில் மூத்தது இது.

நேற்று வீராங்கனைகளின் குடும்பத்தாருக்கான முன்வரிசையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அரங்கத்தில் பாதி காலி. எதிரணிக்காரி பூட்ஸைத் தூக்கிக்கொண்டு சறுக்கி வந்ததும், இரண்டு முறை அறுத்துத் தைத்த மகளின் முட்டி மட்டும்தான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது. எழுந்து நின்று கத்திவிட்டாள். ஒரே ஒரு சொல். பெற்ற வயிறு ஆட்டத்தின் கணக்கையா பார்க்கும்?

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது மகள் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முட்டி வீங்கியிருந்தது. அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் ஐஸ் பையை எடுத்து வந்து தரையில் உட்கார்ந்து அழுத்திப் பிடித்தாள்.

"அடுத்த ஆட்டத்துக்கு என் பேர் இல்லம்மா," என்றாள் மகள், அப்பாவின் மொழியில்.

அடுத்த ஆட்டம் அம்மா பிறந்த நாட்டில். மகள் இதுவரை பார்த்திராத நாடு. அவளுக்கு முப்பத்து மூன்று வயது. இதில் பெயர் இல்லையென்றால் இனி எதிலும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

"கோச் கேக்கலயா, ஏன் காலை எடுத்தேன்னு?"

"கேட்டாரு. கணக்குத் தப்பிடுச்சுன்னு சொன்னேன்."

"நான் வந்து சொல்றேன் அவர்கிட்ட. பேப்பர்க்காரங்க கிட்டயும் சொல்றேன். கத்தினது நான்தான்."

"எப்பக் கத்தின? எனக்கு ஒண்ணும் கேக்கல."

"உன் தலை திரும்புச்சு. ஒம்போது தடவ பாத்தேன்டி."

மகள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். எதிர் மாடியில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். ஒரு போர்வை முழுதாக விரிந்து முடிந்தது. பிறகு குனிந்து அம்மாவின் நெற்றியில் ஒட்டியிருந்த வெள்ளை நூலை எடுத்துப் போட்டாள்.

"விடு," என்றாள் அம்மாவின் மொழியில். உச்சரிப்பு கொஞ்சம் கோணல்தான். "நான் பாத்துக்கறேன்."

ஐஸ் உருகித் தண்ணீர் அம்மாவின் முழங்கை வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. விரல்கள் மரத்துப்போயிருந்தன. அவள் பையை இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொண்டாள்.