எதற்கோ சொன்ன ஆமாம்

முந்தாநாள் சாப்பாட்டு மேசையில் வில்ஃப் கிரிம்ஷா எதற்கோ ஆமாம் சொல்லிவிட்டார். எதற்கு என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

மகள் பெவர்லி ஏதோ கேட்டாள். நீளமான கேள்வி. மருமகன் கெயித் தன் புதர் மீசைக்குள் ஏதோ முனகினான். இவர் வழக்கம்போலத் தலையை ஆட்டி, "ஆமாம்மா, ரொம்ப நல்லது, உன் இஷ்டம்" என்றார். பெவர்லி சட்டென்று அடுப்படிக்குப் போய், கண் சிவந்து திரும்பி வந்தாள். வெங்காயம் நறுக்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். அன்றைய சாப்பாடு கடையில் வாங்கிய வறுத்த மீன் என்பது படுத்த பிறகுதான் உறைத்தது.

நாற்பது வருஷம் நெசவு மில்லில் தறி மேஸ்திரியாக இருந்தவர். ஆயிரம் தறி ஒன்றாக அடிக்கிற இடத்தில் காது என்ன ஆகும்? மனைவி இருந்தவரை குறை தெரியவில்லை. அவளும் தறிக்காரி, வாயை அகலத் திறந்து, இவர் முகத்தைப் பார்த்தே பேசுவாள். அவள் இறந்து, இவர் தெற்கே மகள் வீட்டுக்கு வந்து மூன்று வருஷம். அங்கே உதட்டை அசைக்காமல் பேசுவதுதான் நாகரிகம் போல. பெவர்லியோ பாத்திரம் கழுவிக்கொண்டே முதுகைக் காட்டிப் பேசுவாள்.

கேட்கவில்லை என்று சொல்லித் தொலைக்கலாம் அல்லவா? மாட்டார். காது மெஷின் கிழவர்களுக்கு என்பது அவர் கட்சி. அவருக்கு வயது எழுபத்தொன்று. இப்படித் தலையாட்டியே ஒரு பூனைக்குச் சொந்தக்காரர் ஆனார். சர்ச் பாட்டுக் குழுவிலும் சேர்ந்தார். அதையெல்லாம் சமாளித்துவிட்டார். இந்த ஆமாம்தான் பிடிபடவில்லை. இதற்காகத்தான் இருட்டோடு காரில் ஏற்றி, ஐந்து மணி நேரம் வடக்கே ஓட்டிவந்து, அவருடைய பழைய ஊருக்குப் பக்கத்துத் தார்ன்பெக் சந்தையில் இறக்கியிருந்தார்கள்.

சந்தைச் சதுக்கத்துக் கற்சிலுவையின் படியில் அவரை உட்காரவைத்து, பெவர்லி மணிக்கூண்டைக் காட்டி இரண்டு விரலை நீட்டினாள். இரண்டு மணிக்கு எங்கேயோ போகவேண்டும். எங்கே? கேட்டால் குட்டு உடைந்துவிடும். தலையாட்டினார்.

கவலை ஒருபக்கம் இருந்தாலும் வியாழக்கிழமைச் சந்தை அவரைச் சும்மா விடவில்லை. மழை விட்டு, கல் பாவிய தரை மினுங்கியது. எதிரே இந்த ஊர் மில்லின் புகைக்கூண்டு உச்சியில் ஒரு செடி முளைத்திருந்தது. தறி நின்று பன்னிரண்டு வருஷம். உள்ளே இப்போது சோபா விற்றார்கள். வினிகர் ஊற்றிய கறுப்புப் பட்டாணி ஒரு கிண்ணம் வாங்கி வைத்துக்கொண்டு, கரண்டியை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

சீஸ் கடைக்காரி எனிட் பேசிக்கொண்டிருந்தாள். யாரிடம்? அறுபது அடி தள்ளி, சதுக்கத்தின் மறுகோடியில் காலுறை விற்கிற மேவிஸிடம். நடுவே அத்தனை கூச்சல். எனிட் குரலே எழுப்பவில்லை. உதட்டை ரப்பராக இழுத்து, புருவத்தைத் தூக்கி, சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்தாள். தறிச் சத்தத்துக்கு நடுவே மில்லில் எல்லாரும் பேசிக்கொண்ட தறிக் கொட்டகைப் பேச்சு!

"ஏ மேவிஸ், சிலுவைப் படியில பாருடி. அந்தத் தொப்பி. சந்தைக்கு ஓட்டிட்டு வந்த கிடா மாதிரி முழிக்குது."

மூன்று வருஷத்தில் அவருக்கு முழுசாக விளங்கிய முதல் வாக்கியம். வசவாக இருந்தால் என்ன, ஒரு எழுத்துகூடச் சிந்தவில்லை! எழுந்து ஒரு ஆட்டம் போடலாம் என்றிருந்தது அவருக்கு.

"கோட்டப் பாரு, தெற்கத்திக் கோட்டு" என்று மேவிஸின் வாய் அசைந்தது. "மூஞ்சி பரவால்ல. கழுவி வச்சா தேறும்."

மில்லில் வேலை பார்த்தவர் யாராவது பக்கத்தில் இருந்தால் தறிக்காரிகள் வாயைக் கையால் மறைத்துக்கொள்வார்கள். மகள் வாங்கித் தந்த கோட்டைப் பார்த்து இரண்டு பேரும் ஏமாந்துவிட்டார்கள்.

"சும்மா இருடி, பாவம்" என்றாள் எனிட். "இவர் மக இப்பதான் என்கிட்ட சீஸ் வாங்கினா. மேட்டுத்தெரு முதியோர் இல்லத்துக்கு வழி கேட்டா. ரெண்டு மணிக்கு இவரைச் சேர்க்கப் பேசப் போறாங்களாம்."

"அடிப் பாவி! பெத்த அப்பனையா?"

"அவளே ஓன்னு அழறாடி. 'மூணு வருஷமா எங்ககிட்ட நாலு வார்த்தை சேர்ந்தாப்ல பேசல, எங்களப் பிடிக்கல போல'ங்கிறா. 'உங்க ஊர்ப்பக்கமா ஒரு இல்லத்துல இருக்கீங்களாப்பா'ன்னு கேட்டிருக்கா. 'ரொம்ப நல்லது'ன்னுட்டாராம் மகராசன்."

பட்டாணிக் கிண்ணம் தரையில் உருண்டது. வில்ஃப் மணிக்கூண்டைப் பார்த்தார். இரண்டுக்கு இருபது நிமிஷம். பெவர்லி அழுத அழுகையை வெங்காயம் என்று நினைத்த தன்னை நாலு அறை அறையவேண்டும் போலிருந்தது.

எழுந்து நின்று தொப்பியைக் கழற்றி ஆட்டினார். மூன்று வருஷம் துருப்பிடித்த தாடையைத் திறந்தார்.

"ஏ சீஸ்! நான் அப்படிச் சொல்லல! எனக்குக் காது கேக்காது!"

யாரிடமும் சொல்லாத சொல். சத்தமில்லாமல் என்றதும் அது லேசாக வந்துவிட்டது.

எனிட்டின் கையிலிருந்த கத்தி சீஸோடு நின்றது. மேவிஸ் ஒரு ஜோடி காலுறையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"எந்த மில்லுய்யா?" என்றாள் எனிட்.

"அடுத்த ஊரு. தறி மேஸ்திரி."

"மேஸ்திரியா? அதான் மூள வேலை செய்யல."

"கிண்டல் அப்புறம் பண்ணு தாயே. என் மகளப் புடி! கார் நிறுத்தின தெருவுக்குப் போயிட்டா!"

நடுச்சந்தையில் கடையை விட்டு எனிட் அகன்றதாகச் சரித்திரமே இல்லை. அன்றைக்கு இடுப்பில் கட்டிய ஏப்ரனோடு ஓடினாள். வில்ஃப் மணிக்கூண்டையும் தெருமுனையையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது எனிட், விவரத்தைச் சொல்லிக்கொண்டே பெவர்லியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து சீஸ் கடை முன் நிறுத்தினாள். வில்ஃப் பக்கத்தில் வரப் பார்த்தார்.

"அங்கேயே நில்லுய்யா" என்று எனிட்டின் வாய் அதட்டியது. பிறகு பெவர்லியின் தாடையைப் பிடித்து ஆட்டிக் காட்டினாள். "சத்தம் போடாத. வாயப் பெருசாத் திற. அவர் மூஞ்சியப் பாத்துப் பேசு."

பெவர்லி அழுதுகொண்டே சிரித்தாள். அவளும் வாயை அகலத் திறந்தாள். "அம்மா இப்படித்தான் மூஞ்சியக் கோணுவாங்க! உங்ககிட்ட விளையாடுறாங்கன்னு நினைச்சேன்பா!"

ஒரு எழுத்து சிந்தவில்லை.

"அப்பா, எங்கள விட்டுட்டுப் போகணுமா?"

"வேண்டாம்!"

அது வாயசைப்பு அல்ல. செவிடனுக்குத் தன் குரலின் அளவு எங்கே தெரியும்? மணிக்கூண்டுப் புறாக்கள் மொத்தமும் எழும்பின. சந்தையில் அத்தனை உதடும் ஒரே சமயத்தில் நின்றதைப் பார்த்துத்தான் கத்திவிட்டோம் என்று புரிந்துகொண்டார். மேவிஸ் கை தட்டினாள். மீன் கடைக்காரரும் தட்டினார், எதற்கென்று தெரியாமலே. பெவர்லி ஓடிவந்து தெற்கத்திக் கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மணிக்கூண்டில் இரண்டு அடித்தபோது கெயித் கார்ச் சாவியோடு வந்து சேர்ந்தான். மாமனாரையும் மனைவியையும் பார்த்து, மீசைக்குள் ஏதோ கேட்டான். பழக்கதோஷம், வில்ஃபின் தலை ஆடத் தொடங்கியது. பாதியில் நிறுத்தினார்.

"கேக்கல மாப்ளே" என்றார் ஊரறிய. "முதல்ல அந்த மீசைய எடு."